வருத்தத்துக்குப் பெயர் என்ன?

(உரும்பிராயில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மருத்துவச் சொற்களைப் பற்றிப் பேசும்படி அறக்கட்டளைக்காரர் கேட்டார்கள். நான் பல் வைத்தியன். மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லியே காலம் போய்விட்டது. இன்று என்னை வாயைத் திறக்கச் சொல்லி மேடையில் ஏற்றியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன், பல்லிலிருந்து.

"பல்லு நோகுது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர்கள் இந்தப் பக்கத்தில் குறைவு. கூசுது என்பார்கள். குத்துது என்பார்கள். உளையுது, விண் விண் எண்டு தெறிக்குது, கடிச்சால் நோகுது, பல்லு உயர்ந்து நிக்கிற மாதிரிக் கிடக்கு என்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "ராத்திரி முழுக்கப் பல்லுக்கொதி ஐயா" என்பார்கள். இவை ஒரே நோவுக்கு வெவ்வேறு ஆட்கள் வைத்த பெயர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றும் பல்லுக்குள் நடக்கும் வெவ்வேறு காரியத்தைச் சொல்கிறது.

பல்லின் வெளி ஓட்டை எங்கள் பாடப்புத்தகம் மிளிரி என்கிறது. அதற்கு உள்ளே இருப்பது பன்முதல். அதற்கும் உள்ளே, நடுவில், இரத்தக் குழாயும் நரம்பும் கொண்ட மென்மையான சதை. மிளிரி தேய்ந்தோ, முரசு கீழிறங்கி வேர் வெளித்தெரிந்தோ பன்முதல் திறந்துகொண்டால், குளிர்ந்த தண்ணீர் பட்டவுடன் சுரீர் என்று ஒரு நோ வந்து உடனே போய்விடும். அதுதான் கூச்சம். அந்தக் கட்டத்தில் பல்லைக் காப்பாற்றலாம். பெரும்பாலும் சின்ன வேலை. சூத்தை உள்ளே இறங்கி நடுச் சதை அழற்சி கொள்ளும்போது கதை மாறுகிறது. உடம்பில் வேறெங்கும் அழற்சி வந்தால் அந்த இடம் வீங்க வழியுண்டு. பல்லுக்குள் வழியில்லை, சுற்றிவரக் கெட்டியான சுவர். அமுக்கம் ஏறுகிறது. படுத்தால் தலைப்பக்கம் இரத்த ஓட்டம் கூடுவதால் இன்னும் ஏறுகிறது. அதனால்தான் இந்த நோ இரவில் வருகிறது, தானாக வருகிறது, வந்தால் நிற்பதில்லை. கொதி என்ற சொல் இந்த முழுக்கதையையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. பிறகு ஒருநாள் நோ சட்டென்று நின்றுவிடும். "சுகமாப் போச்சு" என்று நினைப்போம். உண்மையில் நடுச் சதை செத்துவிட்டது. கிருமி வேர்நுனியைத் தாண்டி எலும்புக்குள் போனதும், "பல்லு உயர்ந்து நிக்கிற மாதிரிக் கிடக்கு, கடிக்கேலாது" என்று அதே ஆள் திரும்பி வருவார்.

ஆகவே நோயாளி வாசலில் நின்று சொன்ன சொல்லே பாதி நோயறிதல். கண்ணாடியும் எக்ஸ்றேயும் அதற்குப் பிறகுதான்.

1975 இல், மொன்றியல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் நோவைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை வகைபிரித்து ஒரு வினாக்கொத்தை வெளியிட்டார். துடிக்கும் நோ, குத்தும் நோ, எரியும் நோ, பிடுங்கும் நோ என்று அடுக்கி, நோயாளி எந்தச் சொல்லைத் தெரிகிறார் என்பதைக் கொண்டு நோவை அளந்தார். உலகமெங்கும் பயன்படும் கருவி அது. அவர் ஆராய்ந்து வகுத்ததன் நாட்டு வடிவம் எங்கள் ஆச்சிமாரின் வாயில் சும்மா கிடந்தது. நோ, உளைவு, குத்து, கடுப்பு, எரிவு, விறைப்பு, இழுப்பு, கொதி. இவற்றுள் எது எதைக் குறிக்கிறது என்று வைத்திய மாணவருக்கு உட்கார்த்திச் சொல்லிக் கொடுக்கும் ஒரு வகுப்பை நான் கண்டதில்லை.

மருத்துவச் சொல் என்றவுடன் வைத்தியர் பேசும் கடினமான சொற்களை நோயாளிக்கு விளக்குவதுதான் பிரச்சினை என்று எண்ணுகிறோம். அது பாதிப் பிரச்சினைதான். மற்றப் பாதி, நோயாளி பேசும் நுட்பமான சொற்களை வைத்தியர் விளங்கிக்கொள்வது. இந்த இரண்டாவது பாதியை எவரும் பிரச்சினையாகவே எடுப்பதில்லை என்பதுதான் நான் இன்று சொல்ல வந்த முறைப்பாடு.

முதற் பாதியைச் சுருக்கமாகப் பார்ப்போம். அது தோன்றுமளவு கடினமில்லை. மேலைநாட்டு மருத்துவச் சொற்களில் பெரும்பாலானவை கிரேக்க, இலத்தீன் துண்டுகளை ஒட்டியவை. ஏறக்குறைய முப்பது நாற்பது துண்டுகள் தெரிந்தால் பாதிச் சொற்கள் பிடிபட்டுவிடும். 'ஐற்றிஸ்' என்று முடிந்தால் அழற்சி: ரொன்சிலைற்றிஸ், அப்பெண்டிசைற்றிஸ், முரசு அழற்சியான ஜிஞ்ஜிவைற்றிஸ். 'எக்ரமி' என்று முடிந்தால் வெட்டி எடுத்தாயிற்று. 'ஒட்டமி' என்றால் கீறித் திறந்தார்கள். 'ஒஸ்ரமி' என்றால் திறந்து ஒரு வாய் வைத்துவிட்டார்கள். 'ஹெப்பற்' என்று தொடங்கினால் ஈரல், 'நெஃப்ரோ' என்றால் சிறுநீரகம், 'ஒடொன்ற்' எங்கே வந்தாலும் பல். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் ஒரு பின்னேரத்தில் இதைப் படித்து வீட்டிலுள்ளவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

கடினம் வேறிடத்தில் இருக்கிறது: எளிதாகத் தோன்றும் சொற்களில். பரிசோதனை 'பொசிற்றிவ்' என்று வந்தால் நல்ல செய்தி என்று நினைத்து வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. ஆங்கிலப் பேச்சில் அது நல்ல சொல்தானே. ஆய்வுகூடத்தில் அதன் பொருள், தேடியது அகப்பட்டது என்பது. மருந்துத் துண்டில் எழுதும் சுருக்கங்கள் இன்னொன்று. 'பி.டி.' என்றால் நாளுக்கு இருமுறை, 'ரி.டி.எஸ்.' என்றால் மும்முறை, 'மேனே' காலை, 'நொக்ரே' இரவு. எல்லாம் இலத்தீன். ரோமாபுரியிலேயே தெருவில் பேசாத மொழி யாழ்ப்பாணத்து மருந்துத் துண்டில் உயிரோடு இருக்கிறது! மும்முறை என்று எழுதிய கிருமிக்கொல்லி மருந்தை எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்கவேண்டும். காலை, மத்தியானம், பின்னேரம் என்று மூன்று சாப்பாட்டுக்குள் அடக்கிவிட்டால் இரவு முழுக்க மருந்தில்லாமல் போய்விடும்.

எங்கள் துறையிலும் ஒரு பகிடி உண்டு. பல் வைத்தியர் உதவியாளரிடம் "முப்பத்தாறு" என்று சொல்கிறார். கதிரையில் இருப்பவர் பதறிப்போகிறார்: "எனக்கு முப்பத்திரண்டு பல்லுத்தானே ஐயா, முப்பத்தாறாவது எங்கை?" அது எண்ணிக்கை இல்லை, விலாசம். வாயை நாலு கால்களாகப் பிரித்து, வலது மேல் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4 என்று முதல் இலக்கம். நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பது இரண்டாவது இலக்கம். முப்பத்தாறு என்றால் இடது கீழ்ப் பக்கத்தில் ஆறாவது பல். பாற்பற்களுக்கு இதே முறையில் 5 முதல் 8 வரை.

அந்த ஆறாவது பல்லைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். பிள்ளைக்கு ஏறக்குறைய ஆறு வயதில், இருபது பாற்பற்களுக்கும் பின்னால், ஒன்றும் விழாமலே முளைக்கும் முதற் கடைவாய்ப்பல் அது. நிரந்தரப் பல். ஒன்றும் விழவில்லை என்பதால் அது பாற்பல் என்றே தாய்மார் நினைக்கிறார்கள். சூத்தை விழுந்ததும், "பாற்பல்லுத்தானே ஐயா, பிடுங்கி விடுங்கோ, பிறகு முளைக்கும்" என்கிறார்கள். முளைக்காது. முப்பது வயதுக்காரரின் வாயில் எந்தப் பல் இல்லை என்று பார்த்தால் அடிக்கடி காணாமற்போயிருப்பது இதுதான். பேச்சுத் தமிழில் வேட்டைப்பல்லுக்குப் பெயர் உண்டு, ஞானப்பல்லுக்குப் பெயர் உண்டு. வாயின் முழு அமைப்பையும் தாங்கும் இந்தப் பல்லுக்கு மட்டும் பெயரில்லை. ஆறுவயதுப் பல் என்று இன்றிலிருந்து கூப்பிடுங்கள். பெயர் தெரிந்த தாய் அதைப் பிடுங்கச் சொல்லமாட்டார்.

இனி மானிப்பாய்க்கு வருகிறேன். இங்கிருந்து கோண்டாவில், இணுவில் பக்கமாகச் சைக்கிளில் போனால் அரை மணித்தியாலம். தமிழில் மேலைநாட்டு மருத்துவத்தைக் கற்பித்த வரலாற்றின் பெரும்பகுதி அந்தச் சிறிய தூரத்துக்குள் கிடக்கிறது.

அமெரிக்க மிஷன் வைத்தியரான ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வந்து தங்கியது 1820 இல். அவருக்கும் பின் வந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822 இல் மசாசுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரரில் பிறந்தவர். அதே ஆண்டில்தான் நல்லூரில் ஆறுமுக நாவலரும் பிறந்தார் என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம். இன்றைய நியூயோர்க் மாநகரத்தின் உருவாக்கத்தில் முன்னின்ற அன்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் இவருடைய அண்ணன். தம்பியோ 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் வைத்திய வகுப்பைத் தொடங்கினார். முதலில் கற்பித்தது ஆங்கிலத்தில்.

1857 இல் ஊர் போய் 1862 இல் திரும்பியவர், விரைவிலேயே கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றினார். அதற்கு அவர் கண்ட காரணம் உணர்ச்சி சார்ந்ததன்று. கணக்குப் பார்த்த காரணம். ஆங்கிலத்தில் படித்த மாணவர்கள் அரசாங்கச் சம்பளத்துக்கு வெளியூர் போய்விட்டார்கள். ஊர்ச்சனத்துக்கு வைத்தியர் வேண்டும் என்றால் ஊரின் மொழியில் படித்தவர் வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். தன் மாணவர்கள் ஐரோப்பிய உடை தரித்து ஐரோப்பியராக மாறுவதையும் அவர் விரும்பவில்லை. மதம் மாற்ற வந்த மிஷன் வைத்தியர் அவர். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உடுப்பையும் மொழியையும் பற்றி அவருக்கு இருந்த தெளிவு, மதம் மாறாத எங்கள் ஆட்கள் பலருக்கு இருக்கவில்லை.

பாடநூல் இல்லாமல் பாடம் ஏது? அவரும் அவருடைய மாணவர்களும் மொழிபெயர்க்க உட்கார்ந்தார்கள். இரணவைத்தியம் 1867 இல் வந்தது, சத்திரசிகிச்சை நூல். 1872 இல் வைத்தியாகரமும், கிறேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலைத் தழுவிய மனுஷ அங்காதிபாதமும். 1875 இல் கெமிஸ்தம். பிரசவ வைத்தியத்துக்கு அதற்கு முன்னரே ஒரு நூல் வந்திருந்தது. உடற்றொழில் பற்றிய மனுஷ சுகரணம் 1883 இல். இவை சின்னத் துண்டுப் பிரசுரங்கள் இல்லை, கையில் எடுத்தால் பாரம் தெரியும் பெரிய புத்தகங்கள். கிறீன் 1873 இல் உடல்நலங் குன்றி அமெரிக்கா திரும்பினார். 1884 இல் இறக்கும்வரை அங்கிருந்தும் தமிழ் நூல் வேலையைக் கைவிடவில்லை. டான்போத், சாப்மன், போல் என்று மொழிபெயர்ப்பில் உழைத்தவர்களின் பெயர்களைக் கேட்டால் அமெரிக்கர் என்று தோன்றும். எல்லாரும் யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பிள்ளைகள், ஞானஸ்நானப் பெயர்கள்! மொழிபெயர்ப்பின் பாரத்தில் பெரும்பகுதியைச் சுமந்தவர்கள் அவர்கள்தாம். புகழ் மட்டும் ஆசிரியருக்குப் போனது.

சொல்லாக்கத்தில் கிறீன் ஒரு முறை வகுத்துக்கொண்டார். முதலில் தமிழில் தேடு. இல்லையென்றால் சமஸ்கிருதத்தில் தேடு. அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்குப் பொருத்தி எடுத்துக்கொள். கெமிஸ்தம் மூன்றாம் வழியில் வந்த பெயர். அப்படி ஒரு சொல்லை உருவாக்குவதற்குத் துணிச்சல் வேண்டும். சுகரணம், அங்காதிபாதம் என்பவற்றைக் கண்டு இன்றைய தனித்தமிழ் அன்பர்கள் முகஞ் சுளிக்கலாம். எனக்கு அந்தச் சுளிப்பு இல்லை. முதலில் தமிழில் தேடு என்ற விதியின் நடைமுறை விளைவைத்தான் நான் கவனிக்கிறேன்: நாட்டு வைத்தியரும் நோயாளியும் என்ன சொல்கிறார்கள் என்று காதுகொடுத்துக் கேட்டாக வேண்டும். செகராசசேகரம், பரராசசேகரம் என்று அரசர் பெயரால் மருத்துவ நூல் வழங்கிய நாடு இது. பரராசசேகரத்தை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவர ஏழாலைப் பொன்னையாபிள்ளை பட்ட பாடு தனிக்கதை. நோய்ப்பெயருக்கு இங்கே பஞ்சம் இருந்ததில்லை.

மானிப்பாயில் 60க்கு மேற்பட்டவர்கள் கிறீனிடம் வைத்தியம் கற்று வெளியேறினார்கள். பிறகு என்ன நடந்தது? 1870 இல் கொழும்பில் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆங்கிலத்தில். அரசாங்க உத்தியோகமும் தகுதிப் பத்திரமும் அங்கே. தமிழில் கற்ற வைத்தியருக்குக் கதவு ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டது. கிறீனின் புத்தகங்களை யாரும் தடைசெய்யவில்லை. அவற்றைப் படித்தால் வேலை கிடைக்காது என்றாகிவிட்டது, அவ்வளவுதான். இந்த வரலாற்றை மறக்கவிடாமல் எழுதிவைத்த நாவற்குழிக் கவிஞர் அம்பிக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். மருத்துவத் தமிழ் முன்னோடி என்ற அவருடைய நூலை வாசிகசாலையில் கண்டால் எடுத்துப் படியுங்கள்.

தமிழில் சொல் இல்லை, அதனால் வைத்தியம் தமிழில் பேசமுடியாது என்று இன்று யாராவது சொன்னால், அவருக்கு மானிப்பாயைக் காட்டுங்கள். 150 ஆண்டுகளுக்கு முன்னரே சொல் இருந்தது. 1950களிலும் 60களிலும் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதி வெளியிட்டது. தமிழ்நாட்டில் சேலத்தில் 1916 இலேயே சொல்லாக்கச் சங்கம் கூடியது. பிற்காலத்தில் மணவை முஸ்தபா மருத்துவக் கலைச்சொல்லுக்குக் களஞ்சியமே தொகுத்தார். அலுமாரி நிறையச் சொல் இருக்கிறது. பிள்ளைகள் உயர்தரம் வரை தமிழில் படிக்கிறார்கள். மிளிரி, பன்முதல் என்று எழுதித்தான் புள்ளி எடுக்கிறார்கள். யாழ்ப்பாண மருத்துவ பீடம் 1978 இல் தொடங்கியது. பல் மருத்துவம் படிக்கப் பேராதனை. இரண்டிலும் ஆங்கிலம். உலகத்து ஆய்வோடு தொடர்பு வேண்டும் என்றால் ஆங்கிலம் வேண்டும். அதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் தமிழில் விளக்கத் தெரியும் என்பதற்கு எங்கும் புள்ளி இல்லை. இரண்டாம் வருடத்தில் மிளிரி மறந்துபோகும்.

இதற்கு மாறான ஓர் உதாரணம் எங்கள் கண்முன்னே இருக்கிறது. தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி, இளம்பிள்ளைவாதம், சின்னமுத்து, கூகைக்கட்டு, கசம், நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி. இந்த நாட்டில் பிள்ளை வளர்த்த எந்தத் தாய்க்கும் இவற்றுக்கு அகராதி தேவையில்லை. முக்கூட்டு ஊசி எந்த மாதத்தில் என்று கேட்டால் பள்ளிக்கூடம் முடிக்காத தாயும் சொல்வார். எப்படி வந்தது? அகராதிக் குழு கூடியதால் வரவில்லை. மருத்துவமாது படலையைத் திறந்துகொண்டு வந்தார். பிள்ளையின் காட்டைக் கேட்டார். இந்த ஊசி இந்த வருத்தத்துக்கு என்று சொன்னார். அடுத்த மாதமும் வந்தார். சொல்லுவது அவருடைய உத்தியோகம். நான் கண்டமட்டில் ஒரு மருத்துவச் சொல் ஊருக்குள் நிலைத்தது என்றால், அதை வாயால் சொல்லவேண்டிய கடமை யாருக்கோ இருந்திருக்கிறது. கிறீனின் சொற்களுக்கு அந்த ஆள் 1873க்குப் பின் இல்லாமற்போனார்.

வைத்தியர்களிலும் அந்தக் கடமையைத் தாமாகத் தோளில் போட்டவர்கள் உண்டு. அயலூரான இணுவிலில் பிறந்த நந்தி, பேராசிரியர் சிவஞானசுந்தரம், சமுதாய மருத்துவம் கற்பித்தவர். நாவலும் எழுதினார், அன்புள்ள நந்தினி என்று கடித வடிவில் உடல்நல நூலும் எழுதினார். பருத்தித்துறை எம். கே. முருகானந்தன் பத்திரிகைகளில் எழுதிய வைத்தியக் கட்டுரைகளை வெட்டி ஒட்டிவைத்த வீடுகளை நான் கண்டிருக்கிறேன். இருவரிடமும் பொதுவாக ஒன்று: கலைச்சொல்லைப் போட்டுவிட்டு நகரமாட்டார்கள். அதற்குப் பக்கத்தில் ஊர்ச்சொல்லையும் வைப்பார்கள்.

இல்லாவிட்டால் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். என் துறையில் அது உயிர் நட்டம். இலங்கை ஆண்களிடையே மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். காரணம் எல்லாருக்கும் தெரிந்த தட்டம்தான்: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. இந்தச் செம்மண்ணில் விளைந்த புகையிலை ஒரு காலத்தில் திருவிதாங்கூர் வரை போனது. எத்தனை கல்வீடுகள் அந்தக் காசில் எழுந்தன என்று பெரியவர்களுக்குத் தெரியும். புகையிலையைத் தள்ளிவிட்டால் போதும், பாக்கு நல்லது என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமையகம் 2004 இல் வெளியிட்ட தொகுதியில் பாக்கே தனியாகப் புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்தப்பட்டிருக்கிறது.

இந்த நோய் ஒருநாளில் வருவதில்லை. முதலில் கன்னத்தின் உட்பக்கம் உரைத்தும் போகாத வெள்ளைப் படலம். அல்லது சிவந்த படலம். சிலருக்கு உறைப்புப் பட்டால் எரிவு, பிறகு உட்சதை இறுகி வாய் வரவரத் திறக்கமுடியாமல் போகும். "முந்தி மூண்டு விரல் போகும், இப்ப ஒரு விரல்தான் போகுது" என்று அவர்களே அளந்து சொல்வார்கள். வெள்ளைப் படலத்துக்கு லியூக்கோபிளேக்கியா என்று பெயர். வாய் இறுகுவதற்கு அதைவிட நீளமான பெயர். அந்தப் பெயரைச் சொல்லி, 'பயொப்சி' எடுக்கவேண்டும் என்று ஒரு துண்டை நீட்டினால் என்ன நடக்கும் தெரியுமா? பயொப்சி என்றால் புற்றுநோய் என்றே ஊரில் பொருள். ஆள் பிறகு வரமாட்டார். சதையில் ஒரு சின்னத் துண்டை விறைப்பூசி போட்டு எடுத்துக் கண்ணாடியில் பார்ப்பது, புற்றுநோயா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான், இல்லை என்று வருவதும் உண்டு. இவ்வளவையும் தமிழில் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை மிச்சம்பிடித்தவர், ஆறு மாதம் கழித்து அதே நோயாளி தெல்லிப்பழையிலோ மகரகமையிலோ உள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என்ன சொல்லப்போகிறார்? மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண் வாயில் எங்கிருந்தாலும், நோகாவிட்டாலும், காட்டுங்கள். நோகவில்லை என்பதுதான் அதில் பயப்படவேண்டிய விஷயம்.

வெளிநாட்டிலுள்ள எங்கள் முதியவர்களின் நிலை இன்னொரு விதம். ரொறன்ரோவிலோ லண்டனிலோ பேரப்பிள்ளைதான் இடையில் நின்று மொழிபெயர்க்கும். அம்மம்மா "நெஞ்செரிவு" என்றால் அது பெரும்பாலும் இரைப்பை அமிலம் மேலே வருவது. "நெஞ்சுநோ" என்றால் இருதயமாக இருக்கலாம். தமிழை வீட்டுக்குள் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். இழுப்பு என்று ஆச்சி சொன்னது முட்டு வருத்தத்தையா, வலிப்பையா, நாரி பிடித்ததையா என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அந்த நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். கூச்சப்படாமல் கேளுங்கள் என்று உங்கள் உறவினருக்கு எழுதுங்கள்.

கேட்பது என்றால் எங்களுக்குக் கூச்சம். டொக்டரிடம் கேள்வி கேட்டால் மரியாதையில்லை என்று வளர்க்கப்பட்டிருக்கிறோம். வெளியே வந்து மிஸியிடம் கேட்போம், அவர் அவசரத்தில் இருந்தால் பார்மசிக்காரரிடம் கேட்போம், கடைசியில் பக்கத்து வீட்டில் கேட்போம். ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது தரும் டயக்னோசிஸ் காட் ஆங்கிலத்தில் இருக்கும். அதைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டுச் சாமிப்படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்துவோம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. 1987 இல் வந்த அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்று. சொந்த வருத்தத்தின் பெயரைச் சொந்த மொழியில் அறிவது சலுகையாகக் கேட்கவேண்டிய ஒன்றில்லை. வைத்தியர் சிங்களவராக இருந்தாலும், அவர் எழுத்துத் தெரிந்த தமிழ் உத்தியோகத்தர் அந்த வார்ட்டில் இருப்பார்.

வைத்தியர்களுக்கு என் வேண்டுகோள் ஒரே ஒரு வரி. காட்டின் அடியில் தமிழில் ஒரு வரி எழுதுங்கள்: வருத்தத்தின் பெயர், மருந்து எதற்கு, திரும்ப எப்போது வரவேண்டும். ஆங்கிலம் மேலே இருக்கட்டும், அடுத்த வைத்தியருக்கு அது தேவை. சபையிலிருப்பவர்களுக்கு: எழும்பி வர முன்னர் அந்த மூன்றையும் கேளுங்கள். கோபிக்கிற வைத்தியர்கள் நீங்கள் நினைக்கிறதைவிடக் குறைவு.

முன்வரிசையில் பிடித்து இருத்தப்பட்டிருக்கும் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டிலிருக்கும் ஆச்சி, அப்புவிடம் போய், நோவுக்கும் வருத்தத்துக்கும் அவர்கள் சொல்லும் சொற்களை எழுதுங்கள். எந்த இடம், எப்படி நோகும், எப்போது கூடும், எதைச் செய்தால் குறையும் என்று பக்கத்தில் குறியுங்கள். உரும்பிராயில் தொடங்கி நீர்வேலி, கோப்பாய், கோண்டாவில் என்று போகலாம். ஊருக்கு ஊர் வித்தியாசம் வரும். மருத்துவ பீடத்தில் படிக்கும் உங்கள் அண்ணன் அக்காமார் சரிபார்த்துத் தருவார்கள். அறக்கட்டளைக்காரரிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த வருடம் என்னைப்போல் இன்னொருவரைக் கூப்பிட்டுப் பேசவைக்கும் செலவில், அந்தத் தொகுப்பை அச்சிட்டு, வடக்கில் புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொரு வைத்தியர் கையிலும் ஒரு பிரதி கொடுங்கள்.